கைத்தொழிலில் சொந்தக் காலில் நிற்க: பினாங்கில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தீவிலும் சரி, பட்டர்வொர்த், பிறை பக்கமும் சரி, கையால் ஏதாவது செய்து விற்றுப் பிழைக்கும் நம்மவர்கள் நிறைய பேர். ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை), பூமாலை, காவடி, மருதாணி, பலகாரம், வெள்ளி நகை, தையல் என்று எந்தத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) போனாலும் யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் செய்துகொண்டிருப்பார். வேலையைப் பற்றி இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விலை சொல்லும்போது குரல் இறங்கிவிடும், முன்பணம் கேட்கக் கூச்சம் வந்துவிடும், ஒரு கடைக்காரர் "எனக்குக் கொடுத்துவிடுங்கள், நான் விற்றுத் தருகிறேன்" என்றால் உடனே தலையாட்டிவிடுவார்கள். இந்த வருடம் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஆரி வேலை செய்பவள் என்பதால் உதாரணமெல்லாம் அதிலிருந்தே வரும், உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் யாரும் நிற்காத வரைக்கும்தான் விலையைச் சொல்வது நீங்கள். நடுவில் ஆள் வந்துவிட்டால் விலை அவர் கைக்குப் போய்விடும், அப்புறம் நீங்கள் கூலியாள்தான். கீழே சொல்லப்போவது எல்லாமே இதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

ஒரே பொருளில் தொடங்குங்கள்

ஆரியும் செய்வேன், பட்டு நூல் வளையலும் செய்வேன், கேக்கும் சுடுவேன் என்று பலகை வைத்தால் யாருக்கும் எதற்கும் உங்கள் ஞாபகம் வராது. "பிளவுஸ் கழுத்து வேலைக்கு அந்த அக்காவிடம் போ" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும், அதற்கு ஒரே வேலை போதும். முதலில் நான்கைந்து மாதிரித் துண்டுகளைச் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் காட்டுவதைவிடத் துணியைக் கையில் கொடுப்பது நல்லது. தடவிப் பார்த்து, திருப்பிப் பின்பக்க நூலைப் பார்த்த பிறகு பேரம் பேசுபவர்கள் குறைவு. பலகாரம் விற்பவர்கள் மட்டும் தொடங்குவதற்கு முன்பே உணவு கையாள்வோருக்கான பயிற்சியை முடித்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். அது சட்டம்.

விலை எப்படிப் போடுவது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கல்யாண பிளவுஸை எடுத்துக்கொள்வோம். கழுத்து முன்னும் பின்னும், இரண்டு கை, நடுத்தரமான வேலை. துணி வாடிக்கையாளருடையது. டிசைனை ட்ரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, துணிக்கு மாற்ற வேண்டும். அப்புறம் ஆரி ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்ட வேண்டும், விரலால் சுண்டினால் தப்பு மேளம் மாதிரி ஒலிக்கிற அளவுக்கு. தொய்வாக இருந்தால் ஊசியின் கொக்கி நூலைப் பிடிக்காமல் துணியை இழுத்துச் சுருக்கிவிடும். சங்கிலித் தையலில் கரை கட்டி, உள்ளே பட்டு நூலால் நிரப்பி, ஜர்தோசி என்ற சுருள் ஜரிகைக் கம்பியைச் சின்னச் சின்னதாக வெட்டிச் சாதா ஊசியால் கோத்து, கடைசியில் குந்தன் கல் வைத்து முடித்தால் பதினாறு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பதினாறை மட்டும்தான் புதியவர்கள் கணக்கில் எடுப்பார்கள். ட்ரேஸ் எடுத்த ஒன்றரை மணி நேரம் எங்கே? கேம்பல் ஸ்ட்ரீட்டுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் அலைந்து புடவைக் கரைக்குப் பொருத்தமான நூல் தேடியது எங்கே? "அக்கா, மயில் வேண்டாம், அன்னம் போடலாமா" என்று ராத்திரி பத்து மணிக்கு வந்த செய்திக்குப் பதில் எழுதியது எங்கே? இவற்றுக்கு இன்னொரு இரண்டரை மணி நேரம் சேருங்கள். ஆக இருபது மணி நேரம்.

மணிக்கு எவ்வளவு? 2025-இலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. எந்தக் கைத்திறனும் இல்லாமல் வேலைக்குச் சேருபவருக்கான அடிமட்டம் அது. வருடக்கணக்கில் ஊசி பிடித்த கை அதற்குக் கீழே போகவே கூடாது. இந்த உதாரணத்துக்கு 15 வெள்ளி என்று வைப்போம். இருபது மணிக்கு 300. நூல், மணி, ஜர்தோசி, கல் எல்லாம் 65. மின்சாரம், உடைந்த ஊசி, ஸ்டாண்டு தேய்மானம், பிரித்துப் போட்ட வேலை என்று ஒரு 35. மொத்தம் 400 வெள்ளி. தைப்பது இதில் சேராது.

நானூறைக் கேட்டதும் "இவ்வளவா?" என்று சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நேரத்தில் பயந்துபோய் 250-க்கு இறங்கினால் உங்கள் மணிக்கூலி 15-இலிருந்து ஏழரைக்கு விழும், அதாவது சட்டம் சொல்லும் அடிமட்டத்துக்கும் கீழே. இறங்குவதற்குப் பதிலாக நம் பத்தர்கள் செய்வதைச் செய்யுங்கள். பொற்கொல்லரிடம் நாம் தங்கத்தைக் கொண்டுபோனால் கண்ணெதிரே நிறுத்துப் பார்ப்பார், தங்கத்தின் எடை தனி, சேதாரம் தனி, கூலி தனி என்று பிரித்துச் சொல்வார். அதேபோல் நீங்களும் சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். காசு குறைவாக இருப்பவர் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். கையில் நிரப்பு வேலையை விட்டுவிட்டுக் கரை மட்டும் போடலாம், குந்தனுக்குப் பதில் சாதா மணி வைக்கலாம். மணிக்கூலி மட்டும் மாறக்கூடாது. இப்படிப் பேசினால் யாருக்கும் முகம் சுளிக்காது, வாங்குபவரும் தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுப்பார்.

மாலை கட்டுபவர்களுக்கு வேறு சிக்கல். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே விலை கேட்பார்கள், ஆனால் மல்லியின் விலை அந்த வாரம்தான் தெரியும், தீபாவளி சமயத்தில் கேட்கவே வேண்டாம். கட்டுக்கூலியை மட்டும் இப்போதே உறுதியாகச் சொல்லி, பூ அன்றைய விலைக்கு, ஆனால் இவ்வளவுக்கு மேல் போனால் உங்களைக் கேட்டுவிட்டுப் பூவை மாற்றுவேன் என்று எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டுத் தளங்களில் மணியும் கல்லும் வாங்குபவர்கள், 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத வரி இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம், அப்புறம் ஒரு நோட்டு

பாதிப் பணம் கைக்கு வராமல் துணியில் ஊசி படக்கூடாது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கோயிலில் பார்ப்பவர் எல்லாருக்கும் இதே விதி. தெரிந்தவர்களிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால், "சாமான் வாங்கணும் அக்கா, பாதி அனுப்பிடுங்க" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் டுயிட்நவ் கியூஆர் அட்டையை அச்சடித்து மேசையில் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டியிருக்காது.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். போனில் எழுதுவதைவிட நோட்டு மேல், ஏனென்றால் வந்தவர் முன்னாலேயே எழுதி அவரிடமே காட்டலாம். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "மாம்பழ மஞ்சள் ராசில்க், ஒரு மீட்டர், இடது ஓரத்தில் சின்ன எண்ணெய்க் கறை (காட்டியாயிற்று), அளவு பிளவுஸ் ஒன்று வாங்கியது, கழுத்து எட்டு அங்குலம், முன்பணம் 200, கல்யாணம் தை 15, கொடுப்பது தை 5." எண்ணெய்க் கறையை வாங்கும்போதே எழுதாவிட்டால் கொடுக்கும்போது அது உங்கள் கறை ஆகிவிடும். கல்யாணத் தேதிக்கும் கொடுக்கும் தேதிக்கும் பத்து நாள் இடைவெளி, தையற்காரரிடம் போய் வருவதற்கும் அளவு சரிபார்ப்பதற்கும்.

பெயர்ப் பட்டியல் உங்களிடமே இருக்கட்டும்

இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் படம் போடுங்கள், புதியவர்கள் அங்கிருந்துதான் வருவார்கள். ஆனால் அந்தப் பக்கம் உங்களுடையது இல்லை. கணக்கு முடங்கினால் அத்தனை பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள், முறையிடவும் ஆள் கிடைக்காது. அதனால் ஒருமுறை வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் நோட்டில் ஏறட்டும், கூடவே என்ன செய்து கொடுத்தோம் என்பதும். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும், ஆகவே பொருளைக் கொடுக்கும்போதே "என் நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். தினமும் அனுப்பித் தொந்தரவு செய்யாதீர்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு, தைக்கு முன்பு, அப்புறம் உங்களிடம் புதிதாக ஏதாவது இருந்தால். அந்த எண்களை யாருக்கும் கொடுக்காதீர்கள், கேட்பவர் நண்பராக இருந்தாலும்.

எங்கே விற்பது

வீடுதான் முதல் கடை. அதற்கு அடுத்து, பினாங்கில் நமக்குக் கூட்டம் சேரும் இடம் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்கள், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தற்காலிகக் கடை போட மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும், கடைசி நேரத்தில் ஓடாமல் பல மாதம் முன்பே விசாரியுங்கள். ஜாலான் குருத்வாராவில் இருக்கும் ஹின் பஸ் டெப்போவும் நல்ல இடம். 1947-இல் கட்டிய பழைய பேருந்துப் பணிமனை, இப்போது கலைக்கூடம், ஞாயிற்றுக்கிழமைகளில் கைவினைச் சந்தை நடக்கிறது. அங்கே வருபவர்களில் பலருக்கு ஆரி என்றால் என்னவென்றே தெரியாது, அவர்களிடம் கல்யாண பிளவுஸ் போணியாகாது. சின்ன வட்ட ஃபிரேமில் வேலை செய்த பூ, புத்தக அடையாள நாடா, காதணி என்று கையில் எடுத்துப் போகக்கூடிய விலையில் வையுங்கள், முக்கியமாக மேசையிலேயே உட்கார்ந்து வேலை செய்யுங்கள். ஊசி ஓடுவதைப் பார்த்துவிட்டு நகர்ந்து போக அவர்களுக்கு மனம் வராது.

கடைகளில் விற்கக் கொடுப்பது பற்றி. விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள் என்ற ஏற்பாடு. விலையில் முப்பது நாற்பது சதவீதம் எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. அந்தப் பங்கைக் கொடுத்தும் உங்கள் மணிக்கூலி கைக்கு வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் வேண்டாம். கொடுத்தால் எத்தனை துண்டு, என்ன விலை, எப்போது கணக்கு முடிப்பது என்று எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள், உங்கள் பெயர் அட்டையைப் பொருளிலிருந்து எடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் வேலைப்பாடு உள்ள பிளவுஸ்களை ஒரு கடை தன்னுடைய அட்டையைத் தைத்து விற்றது. வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூடச் செய்தது யார் என்று தெரியவில்லை. அந்தக் கடையோடு உறவை முடித்துக்கொண்டேன்.

வாடகைக் கடை எடுக்கலாமா என்று கேட்பார்கள். அவசரம் வேண்டாம் என்பதுதான் என் பதில், அதற்கு இந்த ஊரின் சரித்திரமே காரணம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலம் முழுக்க, சொற்ப வாடகையில் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தார்கள். அந்தச் சட்டம் நீங்கி, 2000-இலிருந்து வாடகை ஏறத் தொடங்கியதும் ஏராளமானோர் வெளியேற வேண்டியதாயிற்று. 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியத் தளமாக்கியபோது அவர்களில் நிறைய பேர் இங்கே இல்லை. தெருவில் நடந்துபோகிறவரை நம்பியிருந்த தொழிலுக்கு, தெரு மாறினால் எல்லாமே போயிற்று. நோட்டில் பெயர் வைத்திருப்பவருக்குப் பிறையிலிருந்தாலும் ஆயர் ஈத்தாமிலிருந்தாலும் வாடிக்கையாளர் வருவார்.

நமக்குள் கொடுக்கல் வாங்கல்

தனியாக ஒருவரால் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. ஆரிக்காரருக்குத் தையற்காரர் வேண்டும், தையற்காரருக்கு ஆரிக்காரர் வேண்டும், இருவருக்கும் நல்ல படம் எடுப்பவர் வேண்டும். ஆரம்பத்தில் காசு புரளாத மாதங்களில் வேலைக்கு வேலை மாற்றிக்கொள்வதுதான் கைகொடுக்கும். நான் உங்கள் தங்கை கல்யாணத்துக்குக் கழுத்து வேலை செய்து தருகிறேன், நீங்கள் என் மாதிரிகளைப் படமெடுத்துத் தாருங்கள். இதைச் செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், இரண்டு வேலைக்கும் வெள்ளிக் கணக்கில் விலை போட்டு இருவர் நோட்டிலும் எழுதுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் ஆறு மாதத்தில் "நான்தான் அதிகம் செய்தேன்" என்று இருவருமே நினைக்க ஆரம்பித்துவிடுவோம், அதுவும் சொல்லாமலே நினைப்போம், நட்பு போய்விடும். எழுதி வைத்தால், மீதி எண்பது வெள்ளி என்று இருவருக்கும் தெரியும், அடுத்த வேலையில் கழித்துக்கொள்ளலாம்.

சாமானையும் சேர்ந்து வாங்குங்கள். நான்கு பேர் சேர்ந்தால் நூலையும் மணியையும் மொத்த விலையில் எடுக்கலாம், கோலாலம்பூருக்கு மஸ்ஜித் இந்தியா பக்கம் போகிற ஒருவர் மற்ற மூவருக்கும் சேர்த்தே வாங்கி வரலாம்.

பணத்துக்கு நம்மவர்கள் வழக்கமாகப் போவது கூட்டு. மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வருபவர் மொத்தமாக எடுப்பது. ஆனால் கூட்டு நடத்துவதையே தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முகம் தெரியாதவரை எல்லாம் வாட்ஸ்அப்பில் சேர்த்து, எடுத்து நடத்துபவர் கமிஷன் பிடிக்கும் கூட்டுக்குள் தலை கொடுக்காதீர்கள், முதலில் எடுத்தவர் காணாமல் போனால் கேட்க வழியில்லை. ஸ்டாண்டோ தையல் இயந்திரமோ வாங்கக் காசு வேண்டுமானால் சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி கடன் இருக்கிறது, போய் விசாரியுங்கள்.

பதிவு, வரி, பாதுகாப்பு

பெரிய நிறுவனங்களுக்கு வெளியே நிற்பது வேறு, சட்டத்துக்கு வெளியே நிற்பது வேறு. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிவு செய்ய வேண்டும். ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள சொந்தப் பெயரிலேயே செய்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, தொழிலுக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலேயே முடித்துவிடலாம். அந்தக் காகிதம் இருந்தால்தான் தொழில் கணக்கு, கடன் விண்ணப்பம் என்று எதற்கும் போய் நிற்க முடியும். வணிக வருமானம் உள்ளவர்கள் வருமான வரிக் கணக்கை ஜூன் 30-க்குள் பாரம் பி-இல் தாக்கல் செய்ய வேண்டும், ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். நோட்டை ஒழுங்காக எழுதியிருந்தால் இது ஒரு மாலை வேலைதான்.

சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியைத் தயவுசெய்து விடாதீர்கள். சுயதொழில் செய்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டமே இருக்கிறது, குறைந்த சந்தா மாதம் 13 வெள்ளி 10 காசு. வேலையில் அடிபட்டு ஒரு மாதம் விரல் மடங்காவிட்டால் நமக்குச் சம்பளம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அதேபோல் ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் என்ற சுயதொழிலாளர் திட்டம் வழியாக நாமே பணம் போட்டால், அரசாங்கம் வருடத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஐம்பது வயதில் கண் மங்கிய பிறகு ஆரி ஊசியில் நூல் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இப்போதே போடத் தோன்றும்.

ஆடியில் என்ன செய்வது

ஆவணியும் தையும் தூங்க விடாது, ஆடியில் கல்யாணம் கிடையாது, போன் அடிக்காது. அந்த மாதத்தில் விலையைக் குறைத்து ஆள் பிடிக்காதீர்கள், குறைத்த விலைதான் ஆவணியிலும் எல்லோர் ஞாபகத்திலும் இருக்கும். புது மாதிரி செய்யுங்கள், தீபாவளிக்குக் கையிருப்பு சேருங்கள், நான்கைந்து பேருக்கு வகுப்பு எடுங்கள். "சொல்லிக்கொடுத்தால் போட்டிக்கு வந்துவிடுவார்களே" என்று சிலர் மறைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் பொழுதுபோக்கோடு நிறுத்திவிடுவார்கள், தொழிலாகத் தொடரும் ஒருவர் இருவர்தான் தை மாதத்தில் உங்களால் முடியாத ஆர்டரை வாங்கிச் செய்யப்போகிறவர்கள்.

பெரிய ஆர்டர் வந்தால்

ஒருநாள் ஒரு ஹோட்டலோ பெரிய துணிக்கடையோ நூறு துண்டு கேட்டு வரும். சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லாமல் மூன்றைக் கேளுங்கள். முன்பணம் எவ்வளவு, மீதி எத்தனை நாளில், டிசைன் யாருடையது. பொருளை வாங்கி அறுபது நாள் கழித்துக் காசு தருவதாகச் சொன்னால், அந்த அறுபது நாளும் சாமானுக்கான கடன் உங்கள் தலையில்தான். பாதி முன்பணம், ஒவ்வொரு இருபத்தைந்து துண்டுக்கும் மீதிக் கணக்கு என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். அதே டிசைனை நீங்கள் வேறெங்கும் போடக்கூடாது என்று கேட்டால் அதற்குத் தனி விலை.

ஒத்துக்கொண்டால் தனியாகச் செய்யாதீர்கள். நோட்டில் உள்ள சக தொழிலாளிகளில் மூவரைக் கூப்பிட்டு, ஆளுக்கு இருபத்தைந்து என்று பிரித்து, மணிக்கூலி நான்கு பேருக்கும் ஒன்றே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆர்டர் பிடித்தவர், சரிபார்ப்பவர் என்ற முறையில் உங்களுக்கு எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் துண்டை நான்கு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், ஒருவர் கை இறுக்கமாகவும் இன்னொருவர் கை தளர்வாகவும் இருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும். நூல் எண்ணையும் தையல் நீளத்தையும் முடிவு செய்து, அந்தத் துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, அப்புறம் அவரவர் வீட்டுக்குச் சாமானைப் பிரித்து அனுப்புங்கள்.